தோற்றவருக்கு விமான நிலையம், ஜெயித்தவருக்குத் தபால் ஆபீஸ்

வெள்ளி, டெமெகுலா

டெமெகுலா என்றால் தென் கலிஃபோர்னியாவில் எல்லாருக்கும் ஒயின்தான் ஞாபகம் வரும். திராட்சைத் தோட்டம், காலையில் பலூன் சவாரி, கல்யாண போட்டோ ஷூட். நாங்கள் அந்த ஊரில் இறங்கியது ஒரு தபால் ஆபீசைப் பார்க்க.

"இதைப் பாக்கவா மூணு நாளு லீவு போட்ட?" என்றார் சித்தப்பா. மதுரைப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். டிஸ்னிலாண்ட் வேண்டாம், யுனிவர்சல் வேண்டாம், "மனுசன் வாழ்ந்த எடமாக் காட்டுப்பா" என்று சொல்லிவிட்டார். ஊராட்சித் தேர்தல்களில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தே ஆயுசில் பாதியைக் கழித்தவர். அவருக்கு ஏற்ற ஆள் ஒருவர் என்னிடம் இருந்தார்.

ராஞ்சோ கலிஃபோர்னியா ரோட்டில் சாதாரணக் கட்டடம். முன்னால் நீல நிறத் தபால் பெட்டிகள், உள்ளே பார்சல் வரிசை. சட்டப்படி இதன் பெயர் தலீப் சிங் சௌந்த் அஞ்சலகக் கட்டடம். 2005ல் வைத்தார்கள். இந்த நாட்டில் ஒரு தபால் ஆபீசுக்குப் பேர் வைக்கக்கூட இரண்டு அவையிலும் மசோதா நிறைவேறி ஜனாதிபதி கையெழுத்துப் போட வேண்டும். வரிசையில் நின்றவர்களில் யாருக்காவது சௌந்த் யாரென்று தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். கேட்டுப் பார்க்கவில்லை, எல்லார் கையிலும் பார்சல்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசியர், முதல் இந்தியர், முதல் சீக்கியர் இவர்தான். 1957 ஜனவரி முதல் 1963 ஜனவரி வரை மூன்று முறை உறுப்பினர். மந்திரியில்லை, செனட்டர் இல்லை, பெரிய சட்டம் எதற்கும் இவர் பெயர் ஒட்டவில்லை. அமெரிக்க அரசியல் கணக்கில் சின்ன ஆள்தான். இவருக்கு அப்புறம் அந்த அவைக்குள் இன்னொரு இந்திய வம்சாவளிக்காரர் நுழைய 2005 ஆகிவிட்டது. அவர் பாபி ஜிண்டால்.

பிறந்தது 1899ல், அமிர்தசரஸ் பக்கம் சஜ்ஜல்வாடி கிராமம். 1920ல் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் இறங்கி, பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பழங்களை டப்பாவில் அடைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு இரண்டு மூன்று வருடத்தில் ஊர் திரும்புவதாக வீட்டில் சொல்லியிருந்தார். படிப்பு கணிதப் பக்கம் திரும்பி, 1924ல் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார். பெர்க்லி என்றதும் சித்தப்பாவுக்குக் கமலா ஹாரிஸ் ஞாபகம் வந்துவிட்டது. கமலாவின் அம்மா சியாமளா கோபாலன் அதே பெர்க்லிக்குப் படிக்க வந்தது 1958ல். அப்போது சௌந்த் வாஷிங்டனில் உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. சௌந்த் ஓட்டுக் கேட்ட காலத்தில் இங்கே டெமெகுலாவில் இருந்தது மாட்டுப் பண்ணை. வீடுகள் முளைக்க ஆரம்பித்ததே அறுபதுகளின் நடுவில். அவர் வாழ்ந்த ஊர் இங்கிருந்து மலை தாண்டிப் பல மணி நேரம். நாளைக்கு அந்தப் பக்கம்.

சனி, இண்டியோ

74ம் நம்பர் மலை ரோட்டில் வந்தோம். உச்சியில் பைன் மரம், குளிர். அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கினால் பாம் டெசர்ட், அதன்பின் சமவெளியெல்லாம் பேரீச்சந்தோப்பு. கொண்டை ஊசி வளைவுகளில் சித்தப்பா கதவுப் பிடியை விடவேயில்லை.

தெர்மல் என்ற சிற்றூரில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. ஓடுபாதை கடல் மட்டத்துக்கு 115 அடி கீழே. தனியார் ஜெட்டுகள் வரிசையாக நிற்கின்றன. அதன் பெயர் ஜாக்குலின் காக்ரன் பிராந்திய விமான நிலையம். 1956 தேர்தலில் சௌந்திடம் தோற்றவர் இந்தக் காக்ரன்.

"தோத்தவங்க பேர்ல ஏர்போர்ட்டா!" சித்தப்பா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

ஆனால் காக்ரன் லேசுப்பட்டவர் இல்லை. ஃப்ளோரிடாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, அழகு நிலையத்தில் வேலை பார்த்து, சொந்தமாக ஒப்பனைப் பொருள் கம்பெனி தொடங்கி, விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் பெண் விமானிகள் படைப் பிரிவுக்குத் தலைவி. 1953ல் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்த முதல் பெண். கணவர் ஃபிளாய்ட் ஆட்லம் பெரிய கோடீஸ்வரர். இண்டியோவில் அவர்களுடைய பண்ணை வீட்டுக்கு ஜனாதிபதி ஐசன்ஹோவரே வந்து போவார். இன்றைக்கு அந்த இடம் கோல்ஃப் மைதானம்.

1956ல் ஜான் ஃபிலிப்ஸ் என்ற ரிபப்ளிகன் உறுப்பினர் ஓய்வுபெற்றதால் இருபத்தொன்பதாவது தொகுதி காலியானது. ரிவர்சைடு, இம்பீரியல் இரண்டு மாவட்டமும் சேர்ந்து 11,000 சதுர மைலுக்கு மேல். உட்கட்சித் தேர்தலில் ஆண்கள் பலரைத் தோற்கடித்து ரிபப்ளிகன் வேட்பாளராக வந்தார் காக்ரன். பணம், புகழ், ஜனாதிபதியின் நட்பு, சொந்த விமானம். பிரசாரத்துக்கு ஊர் ஊராகப் பறந்தார்.

எதிரில் சௌந்த். வெஸ்ட்மார்லண்ட் என்ற சின்ன ஊரில் உரம் விற்பவர், அந்த ஊர்க் குட்டிக் கோர்ட்டில் நீதிபதி. டெமாக்ரடிக் கட்சிக்குள்ளேயே முட்டுக்கட்டை விழுந்தது. உட்கட்சிப் போட்டியாளர் கார்ல் கெக்லி கோர்ட்டுக்குப் போனார். கீழவை உறுப்பினராக ஏழு வருடம் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். சௌந்த் குடியுரிமை பெற்றது 1949 டிசம்பர் 16ல். கெக்லி கணக்குப்படி காலம் போதாது.

"எப்ப வரைக்கும் கணக்கு? மனுத் தாக்கலா, ஓட்டு நாளா, பதவியேற்பா?" என்று உடனே கேட்டார் சித்தப்பா. வழக்கு நின்றதே அந்த இடத்தில்தான். பதவியேற்பு 1957 ஜனவரி 3. ஏழு வருடம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது, ஆனாலும் முடிந்துவிடுகிறது. கெக்லியின் வழக்கு நிற்கவில்லை.

பிறகு சௌந்த் குடும்பம் வீடு வீடாக இறங்கியது. இருக்கிற ஓட்டை மட்டும் கேட்கவில்லை, பதிவே செய்யாதவர்களைப் பிடித்து வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். நாடு முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் வந்து குவிந்தார்கள். ஒரு பக்கம் ஆகாயத்தில் பறக்கும் பெண்மணி, இன்னொரு பக்கம் இந்தியாவில் பிறந்த விவசாயி. இதைவிடத் தலைப்புக்கு என்ன வேண்டும்? அந்த நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் ரிபப்ளிகன் ஐசன்ஹோவர் கலிஃபோர்னியாவை அள்ளிக்கொண்டு போனார். அதே அலையில் அவருடைய தோழி தோற்றார். வித்தியாசம் மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டு.

சித்தப்பாவின் தீர்ப்பு: "மேல பறக்குறவுகளுக்கு ஓட்டு கீழ இருக்குறது தெரியாதுப்பா. பேரு சேக்குறவன்தான் ஜெயிப்பான்." நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். காக்ரன் காரிலும் ஊர் ஊராகச் சுற்றியவர்தான். உழைப்பில் குறையில்லை. அந்தப் பள்ளத்தாக்கு அவரைப் பிரபலமாகத்தான் பார்த்தது, சௌந்தைப் பக்கத்து வீட்டுக்காரராகப் பார்த்தது என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்து வீட்டைத்தான் நாளைக்குத் தேடப் போகிறோம்.

ஞாயிறு, வெஸ்ட்மார்லண்ட்

86ம் நம்பர் ரோட்டில் தெற்கே போகும்போது இடது கைப்பக்கம் சால்டன் கடல் கூடவே வருகிறது. பெயர்தான் கடல். 1905ல் கொலராடோ ஆற்று வாய்க்கால் உடைத்துக்கொண்டு இரண்டு வருடம் பள்ளத்தில் கொட்டி உண்டான ஏரி இது. வெளியேற வழியில்லாததால் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. கரையில் இறங்கினால் காலுக்குக் கீழே நொறுங்குவது மணலில்லை, சிப்பித் துணுக்கும் மீன் முள்ளும். நாற்றம் தாங்காமல் ஐந்து நிமிடத்தில் காருக்குத் திரும்பிவிட்டோம்.

பிறகு ஒரு கோடு கிழித்த மாதிரி பாலைவனம் முடிந்து பச்சை தொடங்குகிறது. இம்பீரியல் பள்ளத்தாக்கு. மழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆல் அமெரிக்கன் கால்வாய் எண்பது மைல் இழுத்து வரும் கொலராடோ தண்ணீர்தான் அத்தனைக்கும். கோடையில் 45 டிகிரி தாண்டும், குளிர்காலத்தில் கீரை, கோசு, கேரட், லெட்டூஸ் விளையும். லெட்டூஸ் என்றால் இவர்கள் பர்கரிலும் சாலட்டிலும் போடுகிற இலைக்கோசு.

வெஸ்ட்மார்லண்ட் பத்து நிமிடத்தில் சுற்றி முடிக்கிற ஊர். ஜனத்தொகை இரண்டாயிரம் சொச்சம். நெடுஞ்சாலையே கடைத்தெரு. பேரீச்சம்பழ மில்க்‌ஷேக் இங்கே பிரபலம். கெட்டியாக, ஸ்ட்ராவில் ஏறாத அளவுக்கு. சித்தப்பா ஸ்பூன் வாங்கிக்கொண்டார்.

1925 கோடையில் பெர்க்லி டாக்டர் பட்டத்தோடு சௌந்த் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது பருத்தி எடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக. ஏன்? 1923ல் பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் வெள்ளையர் கணக்கில் வர மாட்டார்கள், அதனால் குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டது. குடிமகனாக முடியாதவனுக்குக் கலிஃபோர்னியாவில் நிலம் வாங்கவும் உரிமையில்லை. டாக்டர் பட்டம் வாங்கிய இந்தியனுக்கு யாரும் வாத்தியார் வேலை தரத் தயாராக இல்லை. பஞ்சாபிகள் நிறையப் பேர் இந்தப் பள்ளத்தாக்கில் குத்தகைக்கு விவசாயம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பலர் மெக்சிகோப் பெண்களை மணந்து, பஞ்சாபிப் பெயரும் ஸ்பானிஷ் பேச்சுமாகக் குடும்பங்கள் வளர்ந்தன. சௌந்த் 1928ல் மணந்தது மரியன் கோசாவை. செக் நாட்டிலிருந்து குடியேறியவர்களின் மகள். அன்றைய சட்டத்தில் இன்னொரு கொடுமை: குடிமகனாகத் தகுதியில்லாதவனைக் கட்டிக்கொண்டால் பெண்ணின் குடியுரிமையும் போய்விடும். அந்த விதி போனது 1931ல்.

லெட்டூஸ் போட்டார். பொருளாதார மந்தம் வந்து விலை விழுந்தது. கடன். திவால் மனு கொடுத்தால் சட்டம் காப்பாற்றும் என்று எல்லாரும் சொன்னார்கள். கொடுக்கவில்லை. பல வருடம் இழுத்து, கடனைப் பைசா பாக்கியில்லாமல் அடைத்தார். சித்தப்பா இங்கே குறுக்கிட்டார். "இத ஊருல அத்தன பேரும் பாத்திருப்பான்ல? கடன்காரன்கிட்டருந்து ஓடாதவன்னு பேரெடுத்தா, அது இருவது வருசப் பிரசாரம்ப்பா." இதை நான் அப்படி யோசித்ததில்லை. அவர் சொல்வது சரி என்றே படுகிறது.

சௌந்த் பற்றி நம் ஆட்கள் எழுதுவதெல்லாம் "இந்தியர் சாதனை" என்ற தொனியில் இருக்கும். அதில் தப்பில்லை. 1930லேயே இந்தியாவுக்காக வாதாடிப் புத்தகம் எழுதியவர். காந்தி பற்றியும் விடுதலை பற்றியும் ஊர் ஊராகப் பேசியவர். நாற்பதுகளில் இந்தியர்களுக்குக் குடியுரிமை கேட்டுச் சங்கம் வைத்து நடத்தியவர். 1946 ஜூலையில் லூஸ்-செல்லர் சட்டம் வந்து கதவு திறந்ததில் அவர் பங்கும் உண்டு. அந்தச் சட்டம் இந்தியாவுக்குக் கொடுத்த இடம் வருடத்துக்கு வெறும் 100 பேர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வெஸ்ட்மார்லண்ட் ஓட்டுப் போட்டது அந்தச் சௌந்துக்கு இல்லை. வைக்கோல் கட்டும் கூலி தெரிந்த, வாய்க்கால் தண்ணீர் முறை தெரிந்த, எல்லாரும் டாக்டரைச் சுருக்கி "டாக்" என்று கூப்பிட்ட ஆளுக்கு.

குடியுரிமை கிடைத்த மறு வருடமே, 1950ல், ஊர் நீதிபதி பதவிக்கு நின்றார். அப்போது இங்கே ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் என்பார்கள். சில்லறை வழக்கு, போக்குவரத்து அபராதம், குடித்துவிட்டுச் சண்டை போடுவது, இதெல்லாம் வரும் கோர்ட். தேர்தல் வைத்துத்தான் அந்தப் பதவிக்கு ஆள் எடுப்பார்கள். ஜெயித்தார். ஆனால் தேர்தல் அன்று குடியுரிமைக்கு ஒரு வருடம் நிரம்பவில்லை என்று பதவி தர மறுத்துவிட்டார்கள்.

"ஜெயிச்ச பெறகா?"

"ஜெயிச்ச பெறகுதான் சித்தப்பா."

"கேசு போட்டானா?"

சண்டையை இழுக்கவில்லை. 1952ல் திரும்ப நின்று, திரும்ப ஜெயித்தார். அந்தத் தேர்தல் சமயத்தில் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் வம்பிழுத்ததை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நீங்கள் ஜெயித்தால் கோர்ட்டுக்கு வர எங்களுக்குத் தலைப்பாகை நீங்களே தருவீர்களா, நாங்கள் காசு போட்டு வாங்க வேண்டுமா என்று கேட்டாராம். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது எனக்குப் பொருட்டில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் என்று சௌந்த் சொன்னாராம். கடையே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். எனக்கு அந்தக் கேள்வியின் விஷம்தான் முதலில் பட்டது. இதே மாதிரிக் கேள்வியை எத்தனை முறை சிரித்துக்கொண்டே கடந்திருப்பார்.

இந்த ஊரில் அப்போது விபசார விடுதி, சூதாட்டம், போதைச் சரக்கு எல்லாம் தாராளம். நீதிபதி ஆனதும் அவற்றில் கை வைத்தார். "டாக்" போய் "ஜட்ஜ்" ஆனது அப்போது. நீதிபதி சம்பளம் கொஞ்சம், அதனால் உரக்கடையும் ஓடியது. காலையில் கோர்ட், மிச்ச நேரம் உர மூட்டை. 1956ல் ஓட்டுக் கேட்கப் போனபோது பாதிக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஏற்கெனவே அவரிடம் உரம் வாங்கியவர்கள், இல்லாவிட்டால் அபராதம் கட்டியவர்கள்!

திங்கள், எல் சென்ட்ரோ, பிறகு வீடு

விடிகாலை ஐந்தரைக்கே கிளம்பினோம். பிராலி பக்கம் ஒரு லெட்டூஸ் வயலில் விளக்கு எரிந்தது. ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அகலமான இறக்கை வைத்த இயந்திரம் ஊர்ந்துகொண்டே போகிறது. பின்னால் முகத்தைத் துணியால் மூடிய ஆட்கள் குனிந்து நடக்கிறார்கள். ஒரு கையால் கோசைச் சாய்த்து, மறு கைக் கத்தியால் அடியை வெட்டி, வெளி இலையை உதறி, பையில் போட்டு மேடையில் வைக்கிறார்கள். மேலே நிற்பவர் பெட்டிக்கு இருபத்து நாலாக அடுக்குகிறார். நிமிர்கிற நேரமே கிடையாது. இவர்களில் பலர் எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவிலுள்ள மெக்சிகலியிலிருந்து இரவு மூன்று மணிக்கே எல்லையில் வரிசை நின்று வருபவர்கள். சித்தப்பா கை தூக்கினார். ஒருவர் கத்தியோடு கை தூக்கினார்.

எல் சென்ட்ரோ போகும் வழியில் சர்க்கரை ஆலைக் குதிர் ஒன்றின் உச்சியில் "கடல் மட்டம்" என்று கோடு போட்டு எழுதியிருக்கிறது. அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. மாவட்டத் தலைநகர்தான், ஆனால் எல் சென்ட்ரோ பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நல்ல டாக்கோ சாப்பிட்டோம்.

வாஷிங்டன் வருடங்களையும் சீக்கிரம் சொல்லி முடிக்கலாம். புது உறுப்பினருக்குச் சுலபத்தில் கிடைக்காத வெளியுறவுக் குழுவில் இடம் கிடைத்தது. 1957ல் சிவில் உரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். அந்த வருடக் கடைசியில் மனைவி, மகளோடு ஆசியப் பயணம். டெல்லியில் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பேசினார். முப்பத்தேழு வருடம் கழித்துச் சஜ்ஜல்வாடிக்குப் போனார். கம்யூனிஸ்டுகள் அமெரிக்காவில் நிறவெறி என்று பேசினால், என்னைப் பாருங்கள் என்று சொல்ல இவர் வசதியான ஆள். அமெரிக்க அரசும் அதைத் தெரிந்தே பயன்படுத்தியது. அவரும் தெரிந்தே நடந்துகொண்டார் என்பது என் அபிப்பிராயம். குடியுரிமைக்கு இருபத்தொன்பது வருடம் காத்திருந்தவர், அந்தக் கதையின் கசப்பை மேடையில் பெரும்பாலும் காட்டவில்லை. 1958லும் 1960லும் சுலபமாக ஜெயித்தார். இப்போது அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் அவருடைய ஓவியம் தொங்குகிறது. 2007ல் வைத்தார்கள். "அமெரிக்காவில் இரண்டாந்தரக் குடியுரிமைக்கு இடமில்லை" என்ற அவர் வாசகம் அதில் இருக்கிறது.

1962 மே மாதம் வாஷிங்டன் போகும் விமானத்தில் பக்கவாதம். பேச்சு போய்விட்டது. அப்போதும் பெயர் வாக்குச்சீட்டில் இருந்தது. மனைவியும் நண்பர்களும் அவருக்காக ஓட்டுக் கேட்டார்கள். நவம்பரில் பேட்ரிக் மார்ட்டின் என்ற ரிபப்ளிகன் ஜெயித்தார். வீடு வீடாகப் போய்ப் பேசியே ஜெயித்த மனிதர், பேச முடியாமல் தோற்றார். 1973 ஏப்ரல் 22ல் ஹாலிவுட்டில் காலமானார்.

திரும்பும் வழியில் 86ல் எல்லைக் காவல் சோதனைச் சாவடி. வடக்கே போகும் வண்டிகளை நிறுத்திக் குடிமகனா என்று கேட்கிறார்கள். என் விசாவையும் சித்தப்பாவின் பாஸ்போர்ட்டையும் காட்டினேன். இளம் அதிகாரி மரியாதையாகப் பார்த்துவிட்டு, "ஹேவ் எ குட் ஒன்" என்று அனுப்பினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஒனக்கு எப்பப்பா இங்க குடியுரிமை கெடைக்கும்?"

"அத மட்டும் கேக்காதீங்க சித்தப்பா."

கொஞ்ச தூரம் போனதும் அவருக்கு வேறு சந்தேகம். "அந்த மார்ட்டினு என்ன ஆனான்?"

ஒரே தவணை. 1964ல் ஜான் டன்னியிடம் தோற்றார். குத்துச்சண்டை உலகச் சாம்பியன் ஜீன் டன்னியின் மகன். மார்ட்டின் பேரில் ஏதாவது இருக்கிறதா என்று சித்தப்பா தேடச் சொன்னார். ஓட்டிக்கொண்டிருந்ததால் தேடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போய்விடுங்கள், கோடையில் வேண்டவே வேண்டாம். இண்டியோவைத் தாண்டினால் பெட்ரோல் பங்க் அடிக்கடி வராது, அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சாவடியில் ஆவணம் கேட்பார்கள், கையோடு இருக்கட்டும். பேரீச்சை மில்க்‌ஷேக் ஒன்றே இரண்டு பேருக்குப் போதும்.